ஒன்பதாம் எண் உறுப்பினர்

போரிஸ் கார்லாஃப் என்றதும் வெள்ளித்திரையில் அச்சமூட்டிய அந்த அரக்க உருவமே நம் நினைவுக்கு வரும். அந்த ஒப்பனைக்குள் இருந்தவர் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் கண்ட முன்னோடிகளுள் ஒருவர் என்பதைப் பலரும் அறியார்.

1887 நவம்பர் 23 அன்று லண்டனில் பிறந்தார். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். தந்தையார் இந்தியாவில் உப்பு வரித்துறையில் பணியாற்றியவர். வீட்டார் விரும்பியது அரசுப் பதவி. மகனோ 1909-இல் கனடாவுக்குக் கப்பலேறினார். (நம் வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நண்பர்களின் ஊகத்திற்கே விடுகிறேன்!) நாடகக் குழுக்களில் நடித்தார், வேடம் கிட்டாத நாட்களில் லாரி ஓட்டினார்.

1931-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வந்தது. நாள்தோறும் ஒப்பனைக்கு மட்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதன்பின் கனத்த காலணிகளுடன் படப்பிடிப்பு. சக நடிகரைச் சுமந்து மேடேறும் காட்சியைப் பலமுறை எடுத்தனர். அந்த முதுகுவலி வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலிலோ அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி!

1933 மார்ச்சில் பெரிய ஸ்டூடியோக்கள் பலருடைய ஊதியத்தை எட்டு வாரங்களுக்குப் பாதியாக வெட்டின. அவ்வாண்டே திரை நடிகர் சங்கம் தோன்றியது. கார்லாஃபின் உறுப்பினர் எண் 9. சங்கத்தில் சேர்ந்தால் வாய்ப்புப் பறிபோகும் என்று நடிகர்கள் அஞ்சிய காலம் அது. 1937-இல் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை சென்ற பிறகே தயாரிப்பாளர்கள் சங்கத்தை ஏற்றனர். சிறு நடிகருக்கும் நாளொன்றுக்கு 25 டாலர் என்னும் குறைந்தபட்ச ஊதியம் உறுதியாயிற்று.

சங்கம் வலுத்தால் சொந்த முயற்சியில் படமெடுக்கும் சிறு தயாரிப்பாளர் என்ன ஆவார் என்று கேட்போர் உண்டு. அவர்கள் கார்லாஃபின் இறுதிக்காலத்தைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனுக்கு ஒப்பந்தப்படி அவர் இரண்டு நாள் நடித்துத் தர வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாட்களைக் கோர்மன் பீட்டர் போக்டனோவிச் என்னும் புதிய இயக்குநரிடம் ஒப்படைத்தார். பழைய படமொன்றின் துண்டுக் காட்சிகளையும் சேர்த்துக் குறைந்த செலவில் உருவானதே 'டார்கெட்ஸ்'. கதை கார்லாஃபுக்குப் பிடித்துப்போயிற்று. ஐந்து நாள் நடித்தார்; கூடுதல் நாட்களுக்கு ஊதியம் வேண்டாமென்றார்.

சங்கம் கண்டவரே இலவசமாக உழைக்கலாமா? இதில் முரண் இல்லை என்பதே என் துணிபு. 1931-இல் அவரைக் கேளாமல் அவர் உழைப்பை எடுத்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு நாள் என்ற கணக்கு தாளில் இருந்தது. மூன்றாம் நாளைத் தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

அப்போது அவருக்கு வயது எண்பது. மூச்சுத் திணறல், காலில் இரும்புத் தாங்கி. படத்தில் அவர் ஒரு பழங்கதையை வெட்டின்றி ஒரே மூச்சில் சொல்லும் காட்சி உண்டு. அது முடிந்ததும் படப்பிடிப்புக் குழுவினர் அனைவரும் கைதட்டினார்கள். 1968-இல் படம் வெளியாயிற்று. 1969 பிப்ரவரி 2 அன்று இங்கிலாந்தில் அவர் மறைந்தார்.