குருதியைக் காந்தத்தின் முன் வைத்த மேதை

நம் இரத்தத்தில் இரும்பு உண்டு என்று உயிரியலில் படிக்கிறோம். இரும்பைக் காந்தம் ஈர்க்கும் என்று இயற்பியலில் படிக்கிறோம். ஆனால் காந்தத்தின் அருகே விரலை நீட்டினால் அது இழுக்கப்படுவதில்லையே, ஏன்? இதற்கு விடை தேடிப் போனால், மைக்கேல் ஃபாரடே என்னும் மாமேதையின் வாழ்க்கைக்கு வந்து சேருவோம்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். தந்தை நோயாளியான ஒரு கொல்லர். ஒரே ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிய வறுமையும் அச்சிறுவனுக்கு உண்டு. எழுத்தும் எண்ணும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களையெல்லாம் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல் அவர் மனத்தில் அறிவியல் ஆர்வத்தை வளர்த்தது. அந்த நன்றியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அதன் பயனாக 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார்.

ஆனால் புகழின் உச்சியில் உடல் நலம் கெட்டது. தலைசுற்றலும் மறதியும் அவரைச் சில ஆண்டுகள் வாட்டின. அதற்காக அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்ட பத்திகளாகக் குறிப்பேட்டில் எழுதி வந்தார்.

1845 நவம்பரில், வலிமை மிக்க மின்காந்தத்தின் துருவங்களுக்கு இடையே கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார். அது இரும்பைப் போலத் துருவங்களை நோக்கித் திரும்பாமல் குறுக்காக நின்றது! காந்தம் அதை மெல்ல விலக்கியது. உடனே மரம், ரொட்டி, ஆப்பிள், மாட்டிறைச்சி என்று கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் சோதித்தார். எல்லாமே விலகின. இப்பண்பே டயாகாந்தத் தன்மை. மனிதனையே அப்படித் தொங்கவிட முடிந்தால் அவனும் குறுக்காகவே நிற்பான் என்று ஃபாரடே கருதினார். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரும் டயாகாந்தப் பொருளே.

நவம்பர் 8 அன்று உலர்ந்த இரத்தத்தைச் சோதித்தார். புதிய, திரவ நிலை இரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று தமக்குத் தாமே குறித்துக்கொண்டார். இரத்தமும் காந்தத்தால் விலக்கப்படுவதைக் கண்டார். ஆனால் தமனி இரத்தத்தையும் சிரை இரத்தத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஓர் அரிய உண்மை அங்கே அவருக்காகக் காத்திருந்தது.

அதனை 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டனர். பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபின் காந்தத்தால் மெல்ல விலக்கப்படுகிறது. பிராணவாயுவை இழந்ததோ ஈர்க்கப்படுகிறது. அதிலுள்ள இரும்பு ஆணியைப் போன்ற உலோக இரும்பு அன்று; தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டது. ஆகையால் அந்த ஈர்ப்பு மிகச் சிறியது. விரல் இழுக்கப்படாததன் காரணம் இதுவே. ஃபாரடேயின் குறிப்பை அவர்கள் தம் கட்டுரையில் நினைவுகூர்ந்தனர்.

1973இல் பால் லாட்டர்பர் காந்த ஒத்ததிர்வு முறையில் படம் எடுக்கும் வழியை வெளியிட்டார். உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகைகளே எம்.ஆர்.ஐ. படமாகின்றன. பிராணவாயுவை இழந்த இரத்தம் சுற்றியுள்ள காந்தப் புலத்தைச் சற்றே குலைத்து, அச்சைகையை மங்கச் செய்கிறது. 1990இல் சீஜி ஒகாவா இதையே மூளையை ஆராயும் கருவியாக்கினார். மூளையின் எப்பகுதி உழைக்கிறதோ அங்கே புதிய இரத்தம் பாய்கிறது. படத்தில் அவ்விடம் சற்றே ஒளிர்கிறது. கத்தி இன்றி, வலி இன்றி, மூளை வேலை செய்வதைக் காண முடிகிறது!

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாம் என்ற ஃபாரடே, 1867 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார். அவர் முடிக்காமல் விட்ட ஒரு சோதனையை, 91 ஆண்டுகளுக்குப் பின் பிறர் முடித்தனர். தோழியரே, விடை தெரியாத கேள்வி வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். நமக்குக் கிட்டாத விடை, நமக்குப் பின் வருவோருக்குக் கிட்டட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி