மரத்தைக் குடைந்த மனிதர் ஆர்வில் கிப்சன்



கிடார் வாசிக்கிறவங்களை டிவியில் பார்க்கும்போது, கிடாரின் தலைப் பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிலதில் கிப்சன் என்று எழுதியிருக்கும். அது கம்பெனியின் பெயர் மட்டும் இல்லை, ஒரு மனிதரின் பெயர். அவரைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதுகிறேன்.

ஆர்வில் கிப்சன் 1856-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஷாட்டகே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. வளர்ந்த பிறகு மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ என்ற ஊருக்குப் போய்விட்டார். (ஊர்ப் பெயரே தாளம் போடுற மாதிரி இருக்கு!) அங்கே ஒரு செருப்புக் கடையில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு ஓர் உணவு விடுதியிலும் வேலை. மீதி நேரத்தில் கிடார், மாண்டலின் வாசிப்பார், மரம் செதுக்குவார்.

மாண்டலின் என்றால் நம்மில் பலருக்கு யு. சீனிவாஸ் ஞாபகம்தான் வரும். அவர் கர்நாடக சங்கீதம் வாசித்தது மின்சார மாண்டலினில். ஆர்வில் காலத்தில் அது கிடையாது. கம்பி அதிரணும், அதனால் மேல் பலகை அதிரணும், அதுதான் சத்தம். அப்போது இருந்த மாண்டலின்களின் முதுகு சுரைக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல உப்பலாக இருக்கும். மெல்லிய மரச் சீவல்களை வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செய்வார்கள்.

ஆர்விலுக்கு அது பிடிக்கவில்லை. மரத்தை வளைத்தால் அது எப்பவும் முறுக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே முட்டுக் கொடுத்தால் அதிர்வு தடைப்படும் என்று நினைத்தார். அதனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? வயலின் செய்கிறவர்கள் போல, கெட்டிப் பலகையை எடுத்து, நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் செதுக்கினார். மேல் பலகை, முதுகு இரண்டுமே அப்படித்தான். பக்கச் சுவரைக்கூட வளைக்காமல் முழு மரத்திலிருந்தே அறுத்து எடுத்தார். கழுத்தின் உள்ளேயும் கொஞ்சம் குடைந்து காலியிடம் விட்டார். நம் தஞ்சாவூரில் ஒரே பலா மரத்தில் ஏகாண்ட வீணை குடைவார்களே, எனக்கு உடனே அதுதான் தோன்றியது.

கிடாரையும் இப்படியே செய்தார். மேல் பலகை வளைந்து மேடாக இருக்கிற ஆர்ச்டாப் கிடார் என்ற வகை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1895-ல் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார். 1898 பிப்ரவரி 1-ஆம் தேதி கிடைத்தது. அவர் வாங்கிய பேட்டன்ட் அந்த ஒன்றே ஒன்றுதான்.

அவர் வாத்தியத்தின் சத்தம் கணீரென்று இருந்ததால் நிறையப் பேர் கேட்டு வந்தார்கள். ஆனால் தனி ஆள் எத்தனை செய்ய முடியும்? மரத்தைக் குடைவது லேசுப்பட்ட வேலையா? 1902-ல் கலமசூவைச் சேர்ந்த ஐந்து பேர் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். கிப்சன் மாண்டலின் கிடார் என்று அவர் பெயரையே வைத்தார்கள். பேட்டன்டுக்கு 2,500 டாலர் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஐந்து பங்குதாரர்களில் ஆர்வில் இல்லை!

இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஐந்து பேரும் பணம் போடவில்லை என்றால் அவர் பெயர் அந்த ஊரைத் தாண்டியிருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனாலும் பலகையில் பெயர் எழுதி வைத்துவிட்டு, உள்ளே அவருக்கு நாற்காலி போடாதது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நாள் ஆலோசனை சொல்லுகிறவராக இருந்தார். அப்புறம் உடம்பு முடியாமல் போனது. 1907 முதல் 1911 வரை பல தடவை மருத்துவமனையில் இருந்தார். 1908-லிருந்து கம்பெனி அவருக்கு வருஷத்துக்கு 500 டாலர் கொடுத்து வந்தது. கடைசியில் சொந்த மாநிலத்துக்கே திரும்பினார். 1918 ஆகஸ்டில் ஆக்டன்ஸ்பர்க் ஊரில் ஒரு அரசு மருத்துவமனையில் இதய நோயால் இறந்துபோனார். வயது 62.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் உலகம் பூராவும் போனது. லாயிட் லோர் என்பவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்து, 1922-ல் எஃப்-5 மாண்டலினையும் எல்-5 ஆர்ச்டாப் கிடாரையும் கொண்டுவந்தார். வயலினில் இருப்பது போல எஃப் வடிவத் துளைகள் அதில் இருக்கும். லோர் கையெழுத்துப் போட்ட எஃப்-5 மாண்டலின் இப்போது விற்பனைக்கு வந்தால் ஒரு லட்சம் டாலருக்கும் மேலே போகிறது. ஆர்வில் பேட்டன்டுக்கு வாங்கியது 2,500, ஞாபகம் இருக்கட்டும்!

இன்னொன்றும் சொல்லணும். ஆர்வில் பேட்டன்டில் அழுத்தி அழுத்திச் சொன்ன பக்கச் சுவரையும் கழுத்துக் குடைவையும் கம்பெனி சில வருஷத்திலேயே விட்டுவிட்டது. நேரமும் மரமும் ரொம்ப வீணாகும் அல்லவா? சுவரை மற்றவர்கள் மாதிரி வளைத்தே செய்தார்கள். மேடாகச் செதுக்கிய மேல் பலகை மட்டும் நிலைத்தது. 1952-ல் வந்த லெஸ் பால் என்ற மின்சாரக் கிடாரின் மேல் பக்கம்கூட அப்படித்தான் மேடாக இருந்தது.

ஆர்வில் தன் கையாலேயே செய்த வாத்தியங்கள் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கின்றன. பழைய கிடார், மாண்டலின் வாங்கி விற்கிறவர்கள் அதைக் கண்டுபிடிக்கப் பக்கச் சுவரை முதலில் பார்க்கலாம். வளைத்த மரமா, அறுத்த மரமா என்று. அடுத்தது தலைப் பகுதி. அவர் செய்த பலவற்றில் அங்கே கிப்சன் என்ற பெயர் இருக்காது. ஒரு நட்சத்திரமும் பிறை நிலாவும் பதித்திருப்பார்.