ஜாக் லண்டன்

பொன்னைத் தேடி வடதிசை சென்றவர் பலர். பொன்னோடு மீண்டவர் மிகச் சிலர். பொன்னின்றி வெறுங்கையராய் மீண்டும், பொன்னினும் நிலைத்த பொருளை உலகிற்கு வழங்கியவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன். ஆண்டின் பெரும்பகுதி உறைபனி மூடிக் கிடக்கும் நிலத்தையும், அங்கே உயிர் தரித்திருப்பதற்கு மனிதரும் விலங்குகளும் படும் பாட்டையும் அவர் கதைகளாக வடித்தார். அவருடைய வாழ்க்கையும் அக்கதைகளைப் போன்றே இடையறாத போராட்டமாக அமைந்தது.

பிறப்பும் இளமையும்

ஜாக் லண்டன், 1876ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். அவ்வாண்டிலேயே அவருடைய அன்னையார் ஜான் லண்டன் என்பாரை மணந்தார். அவர் பெயரே குழந்தைக்கும் வழங்கலாயிற்று. முன்பு அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற வர்ஜீனியா பிரெண்டிஸ் என்னும் கறுப்பின அம்மையார், செவிலித்தாயாய் இருந்து குழந்தையைப் பேணினார். அவ்வம்மையார்பால் ஜாக் லண்டன் கொண்டிருந்த அன்பு வாழ்நாள் முழுவதும் குன்றவில்லை.

குடும்பத்தை வறுமை விடாது பற்றியிருந்தது. ஓக்லந்து நகரத்துப் பொது நூலகமே அச்சிறுவர்க்குப் புகலிடமாயிற்று. அங்கு நூலகராய் இருந்த கவிஞர் இனா கூல்பிரித் அம்மையார், அவருடைய படிப்பார்வத்தைக் கண்டு நல்ல நூல்களைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். ஆயினும், விளையாடித் திரிய வேண்டிய வயதிலேயே அவர் உணவுப் பொருள்களைத் தகரப் பெட்டிகளில் அடைக்கும் தொழிற்சாலையொன்றிற் கூலி வேலைக்குச் செல்ல நேர்ந்தது. நாள்தோறும் பத்து மணி நேரத்திற்கு மேலாக உழைத்தும் கிடைத்த ஊதியம் சொற்பமே.

அத்தொழிலை வெறுத்து, செவிலித்தாய் கொடுத்துதவிய பணத்தால் ஒரு படகை வாங்கினார். பிறர் வளர்த்த சிப்பிகளை இரவிற் களவாடி விற்கும் கூட்டத்திற் சேர்ந்தார். பின்னர் அத்தீய வழியைக் கைவிட்டு, அத்தகைய களவைத் தடுக்கும் காவற்படையிலேயே பணி புரிந்தார். 1893ஆம் ஆண்டில், கடல்நாய் வேட்டையாடும் கப்பலில் ஏறி யப்பான் கடற்கரையோரம் வரை சென்றார். அங்குக் கண்ட கடும்புயலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று நடத்திய போட்டியிற் பரிசு பெற்றது. மறு ஆண்டு, வேலையற்ற நாடோடியாய் அலைந்த குற்றத்திற்காக 30 நாள் சிறையில் அடைக்கப்பெற்றார். உடல் வலிமை ஒன்றையே விற்று வாழ்பவன் அவ்வலிமை குன்றியதும் குப்பையென எறியப்படுவான் என்பதை அச்சிறையிலே தெளிந்தார். எனவே, கல்வியால் உயரத் துணிந்து மீண்டும் பள்ளியிற் சேர்ந்தார். 1896இற் பல்கலைக்கழகத்திலும் புகுந்தார். ஆனால், வறுமை அவரை ஓராண்டுகூட அங்கிருக்க விடவில்லை.

வடபுலப் பயணம்

கனடா நாட்டின் வடமேற்கிலுள்ள கிளாண்டைக் பகுதியில் 1896ஆம் ஆண்டு பொன் கண்டெடுக்கப்பட்டது. அச்செய்தி பரவியதும் ஏறத்தாழ 1,00,000 மக்கள் அத்திசை நோக்கிப் புறப்பட்டனர். இருபத்தொரு வயதினரான ஜாக் லண்டனும் 1897ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் கப்பலேறினார்.

அப்பயணத்தின் கொடுமையை என்னென்பது! வழியிலே சில்கூட் கணவாய் சுவர் போல நிமிர்ந்து நின்றது. ஒருவர்க்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவும் கருவிகளும் ஏறக்குறைய ஒரு டன் எடையிருக்கும். குதிரைகள் ஏற முடியாத அச்சரிவில், அச்சுமையைச் சிறு சிறு பொதிகளாக்கி முதுகிற் சுமந்து, பன்முறை ஏறியிறங்கிக் கொண்டு சேர்க்க வேண்டும். மனம் தளர்ந்து பாதி வழியிலே திரும்பியோர் பலர். ஜாக் லண்டன் தளர்ந்தாரில்லை. கணவாயைக் கடந்து, மரம் அறுத்துப் படகு செய்து, பாறைகளிடையே சீறிப் பாயும் நீர்ச்சுழல்களைத் தாண்டி யூக்கான் ஆற்றின் வழியே சென்றார்.

ஆறு உறையும் காலம் வந்தது. ஸ்டூவர்ட் ஆறு யூக்கானோடு கூடும் இடத்திற்கு அருகே, மரக்கட்டைகளால் ஆகிய குடிலில் அவர் அக்குளிர்காலத்தைக் கழித்தார். பொன் கிடைக்கவில்லை, கிடைத்தவை கதைகளே. நீண்ட இரவுகளில் அடுப்பைச் சூழ்ந்திருந்து வேட்டைக்காரரும் பழைய குடியேறிகளும் கூறியவற்றையெல்லாம் உளங்கொண்டார். புதிய காய்கனிகள் கிட்டாமையால் ஸ்கர்வி என்னும் நோய் அவரைப் பற்றியது, ஈறுகள் வீங்கின, நடையும் தளர்ந்தது. 1898ஆம் ஆண்டு பனி உருகியதும், திறந்த படகொன்றில் ஆற்றோடு மிதந்து கடலை அடைந்து ஊர் திரும்பினார். ஊரில் வளர்ப்புத் தந்தையார் இறந்துபோன செய்தியும் குடும்பப் பொறுப்பும் அவர்க்காகக் காத்திருந்தன.

எழுத்துப் பணி

எழுதியே வாழ்வது என்று அவர் உறுதி பூண்டார். இதழ்களுக்கு அனுப்பியவை அனுப்பியவாறே திரும்பி வந்தன. அஞ்சல் நிலைய வேலைக்கு வாய்ப்பு வந்தபோதும் அதனை ஏற்றிலர். 1899இல் வடபுலக் கதை ஒன்று முதன்முதலாக அச்சேறியது; அதற்குக் கிடைத்த ஊதியம் ஐந்து டாலரே. எனினும், நாள்தோறும் 1,000 சொற்கள் எழுதுவது என்னும் நோன்பை அவர் கைவிடவில்லை.

1903ஆம் ஆண்டு வெளிவந்த நாவல் அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. அதனைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்னும் பெயரால் தமிழில் ஆக்கியுள்ளார். செல்வர் மாளிகையில் வளர்ந்த பக் என்னும் நாய் திருடப்பட்டு, வடபுலத்திற் பனிச்சறுக்கு வண்டி இழுக்க விற்கப்படுகிறது. முதல் நாள் இரவு குளிர் தாங்காது அது அலைகிறது. மற்ற நாய்களோ பனியைத் தோண்டி அதனுள்ளே சுருண்டு கதகதப்பாக உறங்குகின்றன. கொல்லும் பனியே காக்கும் போர்வையும் ஆகும் என்பதைப் பக் அன்றே கற்றுக்கொள்கிறது. கற்க மறுத்தவர்களும் அக்கதையில் உளர். அளவுக்கு மீறிச் சுமையேற்றி, அறிந்தவர் சொல்லையும் கேளாது, உருகும் பனியாற்றின்மேல் வண்டியைச் செலுத்திய மூவர், வண்டியோடும் நாய்களோடும் நீரில் மூழ்கி மாள்கின்றனர். காட்டில் வலிமை மட்டும் போதாது. கற்கும் பணிவும் வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து?

இதனினும் கூர்மையாக இக்கருத்தை விளக்குவது, தீ மூட்டுதல் பற்றிய சிறுகதை. இதனை அவர் இருமுறை எழுதினார். இளைஞர்க்காக 1902இல் எழுதியதில், பனியில் தனியே சென்றவன் எப்படியோ தீ மூட்டிப் பிழைத்துக் கொள்கிறான். 1908இல் எழுதியதிலோ அவன் இறந்துபடுகிறான். பாரன்ஹீட் அளவில் சுழிக்குக் கீழ் 75 பாகைக் குளிர். அத்தகைய குளிரில் துணையின்றிச் செல்லலாகாது என்று முதியவர் ஒருவர் கூறியதை எண்ணி அவன் நகைக்கிறான். பனிக்கட்டி உடைந்து காலை நனைக்கிறது. அவன் மரத்தடியிலே தீ மூட்ட, கிளையிலிருந்த பனி சரிந்து தீயை அவிக்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன, தீக்குச்சியைப் பற்றவும் இயலவில்லை. உடன் வந்த நாயோ, இயல்பூக்கத்தால் குளிரின் கொடுமையை முன்னரே உணர்ந்திருந்தது. அது பிழைத்துச் செல்கிறது. அம்மனிதனிடத்து இயற்கைக்குப் பகையும் இல்லை, இரக்கமும் இல்லை. அவனுடைய செருக்கே அவனைக் கொன்றது. முதற் கதையினும் இரண்டாவதே மேம்பட்டு நிற்பதற்கு இவ்வுண்மையே காரணம்.

எதிர்ப்பும் விடையும்

விலங்குகளுக்கு மனித மனத்தை ஏற்றிப் பொய்யாக எழுதுபவருள் ஜாக் லண்டனும் ஒருவர் என்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1907இற் கண்டித்தார். ஜாக் லண்டன் மறு ஆண்டு கட்டுரை வாயிலாக விடையிறுத்தார். தம் விலங்குகள் ஊக்கத்தாலும் உணர்ச்சியாலும் எளிய அறிவாலுமே இயங்குகின்றன என்றும், விலங்கினத்தோடு உறவற்றவன் போல மனிதன் தன்னை எண்ணிக்கொள்வதே பிழை என்றும் அவர் வாதிட்டார்.

இறுதி நாட்கள்

சொந்தக் கப்பலொன்றில் 1907இற் புறப்பட்டுத் தென்கடல் தீவுகளைச் சுற்றினார். நோய் அப்பயணத்தை இடையிலே நிறுத்தியது. கலிபோர்னியாவின் கிளென் எல்லன் என்னும் ஊரில், முன்னிருந்தோர் வளம் குன்றச் செய்திருந்த நிலத்தை வாங்கி, சரிவுகளைப் படிப்படியாகத் திருத்தி, உரமிட்டு உயிர்ப்பித்தார். அங்குக் கட்டிய பெரிய மாளிகை, குடிபுகும் முன்னரே 1913இல் எரிந்து சாம்பலாயிற்று. நோயும் மதுப் பழக்கமும் உடலை அரித்தன. 1916ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தமது நாற்பதாம் வயதில் அவர் மறைந்தார். அதற்குள் அவர் எழுதிய நூல்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை.

முடிவுரை

ஜாக் லண்டன் குறையற்றவர் அல்லர். இனவேற்றுமை பற்றி அவர் காலத்தில் நிலவிய தவறான எண்ணங்கள் சில அவர் எழுத்திலும் படிந்துள்ளன. தம் கதைகளிற் கூறிய எச்சரிக்கையைத் தம் உடலளவில் அவரே பின்பற்றவில்லை என்பதும் வருந்தத்தக்கது. ஆயினும், அவர் பனிநிலத்திலிருந்து கொணர்ந்த உண்மை பழுதற்றது. இயற்கை நம்மை அழிக்கவும் முனையாது, காக்கவும் கடமைப்படாது. அதன் நெறியை அறிந்து, எல்லையை உணர்ந்து, துணையை மதித்து நடப்பவரே அதனிடத்தில் நிலைத்து வாழ்வர்.