ஞாயிறு வந்த வழி

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது, வெள்ளைக்காரன் மாதா கோயிலுக்குப் போக விட்ட விடுமுறை, அதில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. அப்படியானால், அதே வெள்ளையன் ஆட்சியில் பம்பாய் மில் தொழிலாளி ஞாயிறன்றும் இயந்திரம் துடைத்துக் கொண்டிருந்தானே, அது ஏன்?

அந்த நாளை வாதாடிப் பெற்றவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1848-இல் பிறந்தவர். ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் வேலை பார்த்துவிட்டு, பம்பாயில் ஒரு மில்லின் சாமான் கிடங்குப் பொறுப்பாளராக அமர்ந்தார். தொழிலாளி படும் பாட்டை அங்கே நேரில் கண்டார். ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் சமாஜத்தில் சேர்ந்த அவர், 1880-இல் 'தீனபந்து' ஏட்டின் பொறுப்பை ஏற்றார்.

1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், குழந்தைத் தொழிலாளருக்கு மட்டும் மாதம் நான்கு விடுமுறை தந்தது. வயது வந்தோருக்கோ ஒன்றுமில்லை! பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை உழைப்பு.

1884-இல் லோகாண்டே பம்பாய் மில் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார். ஞாயிறு முழு ஓய்வு, நடுப்பகலில் அரைமணி இடைவேளை, காலாகாலத்தில் கூலி, அடிபட்டவனுக்கு உதவி என்று கேட்டு ஒரு மனு எழுந்தது. 5,500 தொழிலாளர் அதில் கையொப்பமிட்டனர். சர்க்கார் அசையவில்லை. 1889-இல் மறுபடியும் மனு. இம்முறை 17,000 கையொப்பம்! 1890 ஏப்ரல் 24-இல் பம்பாயில் பதினாயிரம் பேர் திரண்ட கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளரும் மேடையேறிப் பேசினர். அதே ஆண்டு ஜூன் 10-இல் மில் முதலாளிகள் சங்கம் இணங்கியது. ஞாயிறு விடுமுறையாயிற்று. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையை வயது வந்தோருக்கும் உரிமையாக்கியது.

பிளேக் பம்பாயைச் சூறையாடியபோது, நோயாளிகளுக்குத் தொண்டு செய்யப் போன லோகாண்டேயை அதே பிளேக் 1897 பிப்ரவரி 9-இல் கொண்டுபோயிற்று.

அவர் பெருமையைச் சொல்லும் நாம் ஒரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் கண்ட சங்கத்திற்கு உறுப்பினர் பதிவேடு இல்லை, நிதி இல்லை, விதிகள் இல்லை. தலைவர் மறைந்ததும் சங்கமும் தேய்ந்து மறைந்தது. சட்டம் நின்றது, சட்டத்தைக் காக்கும் கை நிற்கவில்லை.

அதனால் வரும் கேட்டை இன்றும் காண்கிறோம். வாசலில் நிற்கும் காவலாளிக்கு ஏது ஞாயிறு? வீடு வீடாக உணவுப் பொட்டலம் சுமந்து ஓடும் இளைஞனுக்கு ஏது ஓய்வு? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று! ஏட்டில் உள்ள உரிமை அவன் வீட்டுக்கு வரவில்லை.

லோகாண்டே கையொப்பம் திரட்டினார். நாம் உறுப்பினரைத் திரட்டுவோம், சந்தா வசூலிப்போம், பதிவேட்டைப் பத்திரமாக வைப்போம். வருகிற ஞாயிறு ஓய்வில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஓய்வில்லாத ஒரு தோழரைச் சங்கத்தில் சேர்ப்போம்!