பஞ்சத்தை அறிந்த பண்டிதை

மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னை செல்லும் இரயில், தவுண்டை நெருங்குமுன் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கடக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மில் பலர் உறங்கியவாறே கடந்துவிடும் ஊர் அது. பண்டித ரமாபாய் தம் பிற்கால வாழ்வை அங்கேதான் கழித்தார்.

ரமாபாய் 1858ஆம் ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழிப் புலவர். பெண்கள் வடமொழி கற்பதைப் பலரும் வெறுத்த அக்காலத்தில், அவர் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதனைக் கற்பித்தார். ரமாபாய் அன்னையிடம் கற்றார். குடும்பத்தினர் திருத்தலந்தோறும் நடந்து சென்று, புராணம் படித்து, கிடைத்த காணிக்கையைக் கொண்டு வாழ்ந்தனர்.

1870களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. நூல்களை மட்டுமே அறிந்த அக்குடும்பத்தினர் கூலிவேலை அறியார். இரந்துண்ணவும் மனம் இசையவில்லை. இருந்த பொருளெல்லாம் தீர்ந்தபின், திருப்பதியை அடுத்த காட்டில் இலையும் நீரும் உண்டு பல நாள் கிடந்தனர். தந்தை மறைந்தார், பின்னர் அன்னையும் தமக்கையும் மறைந்தனர். அன்னையின் பாடையைச் சுமக்க நான்காவது ஆள் கிடைக்கவில்லை. உயரம் குறைந்தவரான ரமாபாய், தோளுக்கு எட்டாத அதனைத் தலைமேல் தாங்கி நடந்தார். எஞ்சிய தமையனோடு வடபுலம் சென்றார். போர்வையின்றிக் குளிரில் நடுங்கிய இருவரும் ஜீலம் ஆற்றங்கரை மணலில் குழிதோண்டிப் படுத்ததும் உண்டு.

1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவர்தம் புலமையை வியந்து, ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். துன்பமோ விடவில்லை. 1880இல் தமையன் இறந்தார். அவ்வாண்டே மணந்த கணவரும் 1882இல் வாந்திபேதியால் மாண்டார். கைக்குழந்தை மனோரமாவுடன் ரமாபாய் கைம்பெண்ணானார்.

மேற்கல்வி கருதி 1883இல் இங்கிலாந்து சென்றார். ஆங்கே, உலகம் ஒதுக்கிய பெண்களைக் கிறித்தவக் கன்னியர் அன்புடன் பேணும் இல்லம் ஒன்றைக் கண்டார். இவ்வன்பு எங்கிருந்து பிறந்தது என வினவியபோது, சமாரியப் பெண்ணிடம் இயேசு உரையாடும் நற்செய்திப் பகுதியைப் படித்துக் காட்டினர். எவரையும் தள்ளாத அவ்வன்பில் ரமாபாய் நம்பிக்கை கண்டார். அவ்வாண்டே மகளோடு திருமுழுக்குப் பெற்றார்.

தாயகம் திரும்பி, 1889இல் மும்பையில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதன் என்னும் பள்ளியை நிறுவினார். மறு ஆண்டே அது புனேக்கு மாறியது. மாணவியர் சிலர் அவருடைய வழிபாட்டில் கலந்துகொண்டதால் எதிர்ப்பு எழுந்தது. 1893இல் பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். ஆதரித்த அறிஞர்களும் விலகினர். தம் மரபு குலையுமோ என்ற அவர்களது அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும் கல்வியிழந்தவர் அப்பெண்களே.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியது. பசியின் கொடுமையைத் தம் உடலால் அறிந்திருந்த ரமாபாய், போதிய பணமின்றியே அங்குச் சென்றார். எலும்புந்தோலுமாய்க் கிடந்த சிறுமியரையும் இளம் பெண்களையும் அழைத்து வந்தார். ஏறத்தாழ 300 பேர். புனேயில் அப்போது பிளேக் நோய். எனவே கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் குடில்கள் அமைத்து அவர்களைத் தங்கவைத்தார். அவ்விடத்திற்கு ‘முக்தி’ எனப் பெயரிட்டார். 1900இல் குஜராத்தும் பஞ்சத்தில் வாட, அங்கிருந்தும் பலர் வந்தனர். முக்தியில் ஏறத்தாழ 2000 பேர் வாழ்ந்தனர். அவர்கள் உழுதனர், நெய்தனர், அச்சுக் கோத்தனர். மனோரமா பார்வையற்றோர்க்குப் புள்ளியெழுத்துக் கற்பித்தார்.

எளிய சிற்றூர்ப் பெண்களும் படிக்குமாறு, எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து விவிலியத்தை மராத்தியில் பெயர்க்கும் பணியில் ரமாபாய் பல்லாண்டுகள் ஈடுபட்டார். 1921இல் மனோரமா இறந்தார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை. மொழிபெயர்ப்பை முடித்த பின்னர், 1922 ஏப்ரல் 5ஆம் நாள் கேட்காவில் ரமாபாய் மறைந்தார்.