கல்லுக்குப் பெயர் சூட்டிய ஹாலந்து

எங்கள் பேட்டைக்குக் கல்மண்டபம் என்று பெயர். கல்லைப் பெயரிலேயே சுமக்கும் ஊரில் பிறந்த எனக்கு, நிலவியல் பாடத்தில் தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற பெயரைக் கண்டதும் ஆவல் பிறந்தது. நம் சென்னைக் கருங்கல்லை உலக அறிவியல் ஏட்டில் ஏற்றியவர் அவரே.

1868-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ஹெல்ஸ்டனில் பிறந்தார். இலண்டனில் பயின்று, 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். அங்கே தூய ஜான் தேவாலய வளாகத்தில், கல்கத்தாவில் ஆங்கிலக் குடியிருப்புக்கு வித்திட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறை உள்ளது. அதன் மேற்கல் வங்காளத்துக் கல்லன்று; நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். ஹாலந்து அதை ஆராய்ந்து, 1893-இல் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். ஊர் நம்முடையது, கல்லும் நம்முடையது; பெயர் மட்டும் ஒரு கம்பெனி வணிகருடையது! இதில் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு.

1900-இல் அவர் வெளியிட்ட பெருநூலே அவர் வாழ்வின் சிகரம் என்பேன். பல்லாவரத்தில் வெளிறிய அமிலப் பாறையும் கரிய காரப் பாறையும், அதனினும் கனத்த மீக்காரப் பாறையும் அருகருகே கிடக்கின்றன. அனைத்திலும் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் காணப்படுகிறது. ஆகவே இவை ஒரே பாறைக்குழம்பு உறைந்து பிரிந்த ஒரு குடும்பம் என்றார் அவர்.

அந்தக் குடும்பம் நிலைக்கவில்லை. இவை முதலில் தீப்பாறைகளாய் இருந்து, பின்னர் ஆழத்தில் வெந்து உருமாறியவை என 1955-இல் ஹவி என்பவர் விளக்கினார். 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம் அதே பல்லாவரத்தை மீண்டும் ஆராய்ந்து, கரிய பாறைகளை வெளிறியவற்றின் உடன்பிறப்பாகக் கொள்ள முடியாது என்று வாதிட்டார். ஹாலந்து வகுத்த உறவை அவர் நின்ற மண்ணிலேயே ஒரு தமிழகத்து ஆய்வு அசைத்தது எண்ணத்தக்கது.

இன்று இப்பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். இருபது கிலோமீட்டருக்கும் கீழே, நீர் குறைந்த நிலையில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இறுகியவை இவை. நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியின் காரப் பாறைத் தொகுதியும் ஏறக்குறைய அதே காலத்தது. பழங்கடலின் தரை ஒரு தட்டின் அடியில் அமிழ்ந்த இடத்தில் எழுந்த தீவு வரிசையின் வேர் அது எனப் பல ஆய்வாளர்கள் கொள்கின்றனர். அங்குள்ள அனார்த்தோசைட் கல்லை அரைத்துத்தான் சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மண்ணைச் செய்தார்கள்.

ஹாலந்து 1903 முதல் 1909 வரை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தார். 1916-இல் இந்தியத் தொழில் ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். பின்பு வைசிராய் சபையில் உறுப்பினரானார். அங்கே ஒரு மோசடி வழக்கைக் கைவிட்டது பெரும் சர்ச்சையாகி, 1921-இல் பதவி விலக நேர்ந்தது. கல்லின் உட்புறத்தை அவ்வளவு நுட்பமாகக் கண்டவருக்கு ஆட்சி மன்றம் ஒத்துவரவில்லை போலும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் தலைமைப் பொறுப்பேற்று, 1947 மே மாதம், நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, காலமானார்.

இராயபுரத்திலிருந்து மின்ரயிலேறினால் பரங்கிமலை தொலைவில்லை. அங்குள்ள சார்னோக்கைட் பாறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. பல்லாவரக் குன்றுகளின் சில பகுதிகளோ உடைபட்டுச் சல்லியாகிவிட்டன.