எதிரியும் நம்பிய ஏழைப் பாதிரியார்

திருச்சி மலைக்கோட்டைக்கு அருகே தெப்பக்குளம் இருக்கிறது. அதன் பக்கத்தில் பழமையான கிறிஸ்து ஆலயம் ஒன்று நிற்கிறது. 1766-ம் ஆண்டு மே மாதம் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது.

அந்த ஆலயத்தைக் கட்டியவர் பரம ஏழை. அவருக்குச் சொந்த வீடு கிடையாது. மனைவி மக்கள் கிடையாது. கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுத் துணிதான் அவருடைய உடை. சோறும் காய்கறியும்தான் உணவு.

ஆனால் மைசூரை ஆண்ட ஐதர் அலி அவரை நம்பினார். தஞ்சை மன்னர் துளஜா அவரை நம்பினார். ஆங்கிலக் கம்பெனியார் நம்பினார்கள். பசியால் வாடிய குடியானவர்களும் அவர் ஒருவருடைய வாக்கையே நம்பினார்கள்.

அவர்தான் கிறிஸ்டியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அன்போடு அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தார்கள்.

நாடெங்கும் போர் நடந்த காலம் அது. இன்று ஒரு ராஜா, நாளை ஒரு ராஜா. யாரை யார் காட்டிக் கொடுப்பார்கள் என்று தெரியாது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மனிதர் மட்டும் கலங்காமல் இருந்தார். அந்த அமைதி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?

தாயின் வேண்டுதல்

ஜெர்மனியில் அந்நாளில் பிரஷ்யா என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதில் சோனன்பர்க் என்பது ஒரு சிற்றூர். இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது. 1726-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுவார்ட்ஸ் அங்கே பிறந்தார்.

அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தாய் நோயில் விழுந்தார். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் கணவரையும் ஊர்ப் பாதிரியாரையும் அருகில் அழைத்தார். இந்த மகனைக் கடவுளுக்கென்று நேர்ந்து கொண்டேன், அவன் விரும்பினால் தடுக்காதீர்கள் என்று கேட்டுக் கொண்டார். பிறகு கண்களை மூடினார்.

பையன் வளர்ந்தான். மேல்படிப்புக்காக ஹாலே என்ற நகரத்துக்குப் போனான். அங்கே சூல்ட்ஸே என்ற முதிய பாதிரியார் இருந்தார். பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் தொண்டு செய்து திரும்பியவர் அவர். தமிழில் வேதாகமத்தை அச்சிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வேலையில் உதவுவதற்காகச் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அச்சு வேலை நடக்கவில்லை. ஆனால் கற்ற தமிழ் அவரை விடவில்லை.

தமிழ்நாட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். சுவார்ட்ஸ் தந்தையிடம் அனுமதி கேட்டார். தந்தை சில நாட்கள் யோசித்தார். பிறகு மகனை ஆசீர்வதித்து அனுப்பி வைத்தார். அந்த மகன் மறுபடி சொந்த ஊரைப் பார்க்கவே இல்லை.

1750-ம் ஆண்டு ஜூலை மாதம் சுவார்ட்ஸ் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. நான்கே மாதங்களில் தமிழில் பிரசங்கம் செய்தார். அதோடு நிற்கவில்லை. இந்த நாட்டு மக்கள் எதை நம்புகிறார்கள் என்று தெரியாமல் அவர்களோடு பேசுவது எப்படி? அதற்காக ஐந்து ஆண்டுகள் தமிழ்ப் புராணங்களைப் படித்தார். பின்னாளில் மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம் ஆகிய மொழிகளையும் கற்றுக் கொண்டார்.

காவிரிக் கரையில்

1762-ம் ஆண்டு சுவார்ட்ஸ் கால்நடையாகத் திருச்சிக்கு வந்தார்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தச் சீமை பெரும் போரைக் கண்டிருந்தது. திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி இருந்தார். அவருக்கு ஆங்கிலேயர் துணை. காவிரிக்கு அக்கரையில், அரங்கநாதர் பள்ளி கொண்ட ஸ்ரீரங்கத்தில், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தங்கியிருந்தார்கள். புனிதமான தீவு போர்ப் பாசறை ஆயிற்று. 1752-ம் ஆண்டு பிரெஞ்சுப் படை அங்கே சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

போர் நின்ற பிறகும் பயம் நிற்கவில்லை. கோட்டை முழுவதும் சிப்பாய்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் சுவார்ட்ஸ் ஐயர் குடியேறினார்.

கோட்டையின் தளபதி பிரஸ்டன் அவருக்கு ஒரு பழைய கட்டடத்தில் ஓர் அறை கொடுத்தார். கட்டில் போட்டால் அறை நிறைந்து விடும். உயரமான ஆள் அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. அதுவே போதும் என்று ஐயர் அதில் தங்கினார்.

காலையும் மாலையும்

அவருடைய நாள் எப்படித் தொடங்கும் தெரியுமா?

பொழுது விடிந்ததும் உபதேசியார்கள் அவரிடம் கூடுவார்கள். உபதேசியார் என்றால் சபைக்குப் பாடம் சொல்லும் தமிழ் ஊழியர். எல்லாரும் சேர்ந்து ஜெபம் செய்வார்கள். வேதத்தில் ஒரு பகுதியைப் படிப்பார்கள். அதன் பொருளை ஐயர் விளக்குவார். இன்று நாம் செய்யப் போகும் வேலைக்கு இது என்ன சொல்கிறது என்று எல்லாரும் சிந்திப்பார்கள். பிறகு சுற்றியுள்ள ஊர்களுக்கு அவர்களை அனுப்பி வைப்பார்.

ஐயரும் சும்மா இருக்க மாட்டார். நோயாளிகளைப் பார்ப்பார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். தெருவோரத்தில் உட்கார்ந்து, வருவோர் போவோரோடு பேசுவார்.

மாலையில் உபதேசியார்கள் திரும்பி வருவார்கள். எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன நடந்தது என்று சொல்வார்கள். தவறு நடந்திருந்தால் ஐயர் திருத்துவார். மனம் சோர்ந்தவருக்குத் தைரியம் சொல்வார். பிறகு சபையாரும் சேர்ந்து கொள்வார்கள். மறுபடி வேதம், மறுபடி ஜெபம். அன்றைய கவலையை அன்றே கடவுளிடம் ஒப்படைத்து விட்டுத்தான் உறங்கப் போவார்கள்.

ஒரு நாள், இரு நாள் அல்ல. அவர் வாழ்நாள் முழுவதும் இந்த வழக்கம் தொடர்ந்தது. அவருடைய அமைதிக்கு ஊற்று இதுதான்.

வந்த பணம் போன இடம்

ஒரு சமயம் திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. பலர் மாண்டார்கள். தாய் தந்தையரை இழந்த குழந்தைகள் தெருவில் நின்றார்கள். ஐயர் அவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்.

1764-ம் ஆண்டு மதுரையில் சண்டை நடந்தது. கான்சாகிப் என்று மக்கள் அழைத்த யூசுப் கானை நவாபும் ஆங்கிலேயரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். ஐயர் மதுரைக்குப் போனார். காயம் பட்டவர்களுக்கும் காய்ச்சல் கண்டவர்களுக்கும் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். அவருக்கு அறை கொடுத்த பிரஸ்டனும் அந்தச் சண்டையில் காயம் பட்டு இறந்தார். நண்பரை இழந்த துயரத்தோடும் ஐயர் பணியை விடவில்லை.

அவர் செய்த பணிவிடையைக் கண்டு நவாப் பரிசுப் பணம் கொடுத்தார். அந்தப் பணம் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிற்று.

கோட்டைச் சிப்பாய்களுக்குக் குருவாக இருந்ததற்காகக் கம்பெனியார் ஆண்டுக்கு நூறு பவுன் சம்பளம் கொடுத்தார்கள். அந்நாளில் அது பெரிய தொகை. அதில் பாதியைச் சபையின் செலவுக்கே கொடுத்து விட்டார். பிள்ளை குட்டி இல்லாதவருக்குப் பணம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அவர் காலத்தில் தனியாக வந்து கோடீஸ்வரராகத் திரும்பிய ஐரோப்பியர்கள் ஏராளம்!

ஐதர் அலியின் சபையில்

1778-ம் ஆண்டு திருச்சிப் பணியை இன்னொரு பாதிரியாரிடம் ஒப்படைத்து விட்டு, ஐயர் தஞ்சையில் குடியேறினார். மறு ஆண்டே அவருக்கு ஒரு கடுமையான சோதனை வந்தது.

ஐதர் அலிக்கும் கம்பெனிக்கும் பகை முற்றியிருந்தது. சமாதானம் பேசுவதற்கு ஒருவர் வேண்டும். கம்பெனியார் அனுப்பும் தூதர்களை ஐதர் நம்பவில்லை. சுவார்ட்ஸை அனுப்பினால் பேசலாம், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று சொல்லி விட்டார்.

ஐயர் தயங்கினார். அரசியல் அவருக்குத் தொழில் அல்ல. ஜெபம் செய்து யோசித்தார். ரத்தம் சிந்தாமல் தடுக்க முடியுமானால் போவது கடமை என்று முடிவு செய்தார். வழிச் செலவு தவிர யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்றும் உறுதி செய்து கொண்டார்.

1779-ம் ஆண்டு அவர் மைசூர்ச் சீமைக்குப் புறப்பட்டார். ஐதரின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். ஸ்ரீரங்கத்தைப் போலவே அதுவும் காவிரி நடுவே உள்ள தீவு. அங்கும் அரங்கநாதர் கோயில் உண்டு. ஐதர் ஐயரை மரியாதையோடு வரவேற்றுத் தம் அருகில் உட்கார வைத்துப் பேசினார்.

அங்கும் ஐயர் தம் வழக்கத்தை விடவில்லை. ஐதரின் படையில் ஐரோப்பியச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு ஆராதனை நடத்தினார். யாரும் தடுக்கவில்லை.

திரும்பும்போது ஐதர் வழிச் செலவுக்கென்று முந்நூறு ரூபாய்ப் பை ஒன்றைக் கொடுத்தார். ஐயர் மறுத்தும் விடவில்லை. அந்தப் பையை அப்படியே சென்னைக்குக் கொண்டு போய்க் கம்பெனியாரிடம் கொடுத்தார். நீரே வைத்துக் கொள்ளும் என்றார்கள். அந்த முந்நூறு ரூபாய் தஞ்சையில் ஓர் அநாதைப் பள்ளிக்கு முதல் பணம் ஆயிற்று.

ஆனால் போன காரியம் பலிக்கவில்லை. 1780-ல் போர் மூண்டது. ஐதரின் படை கர்நாடகச் சீமையில் புகுந்து ஊர்களைக் கொளுத்தியது. அந்த நேரத்திலும் ஐதர் ஓர் உத்தரவு போட்டார். சுவார்ட்ஸ் பாதிரியாரை யாரும் தொடக் கூடாது, அவர் விரும்பிய இடத்துக்குப் போகட்டும் என்பதே அந்த உத்தரவு.

எண்பதாயிரம் கலம்

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் செத்தார்கள். கிராமங்களில் தானியம் இருந்தது. ஆனால் அதைக் கொண்டு வர மாடு இல்லை. அதிகாரிகள் முன்பு மாட்டையும் நெல்லையும் வாங்கிக் கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். எனவே குடியானவர்கள் அசையவில்லை.

மன்னர் துளஜா கடைசியில் ஐயரை அழைத்தார். ஐயர் குடியானவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஒவ்வொருவர் கூலிக்கும் தாமே பொறுப்பு என்றார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. எண்பதாயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பேசியபடி எல்லாருக்கும் கூலி கிடைத்தது.

இன்னொரு சமயம் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் மக்கள் நிலத்தைப் போட்டு விட்டு ஊரை விட்டு ஓடினார்கள். மன்னர் அழைத்தும் வரவில்லை. ஐயர் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். தரிசாய்க் கிடந்த நிலத்தில் மறுபடி பயிர் எழுந்தது.

அநாதை இளவரசர்

1787-ல் மன்னர் துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை ஐயரின் கையில் ஒப்படைக்க விரும்பினார். அரண்மனைச் சிக்கலில் தம்மால் பிள்ளையைக் காக்க முடியாது என்று ஐயர் அஞ்சினார். மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காவலராக வைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனை நல்ல பலன் தரவில்லை. சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னார்கள். அமர்சிங்கே மன்னர் ஆனார். சிறுவன் சரபோஜி இருட்டறையில் அடைபட்டுக் கல்வியும் இல்லாமல் வாடினான்.

ஐயர் மனம் வருந்தினார். ஆனால் வருந்தியதோடு நிற்கவில்லை. தொடர்ந்து கம்பெனியாருக்கு எழுதினார். சிறுவனுக்குப் பாதுகாப்பும் கல்வியும் கிடைக்கச் செய்தார். 1793-ல் அவனைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். சுவீகாரத்தைப் பற்றி மறுபடி விசாரணை நடந்தது. சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பு ஆயிற்று.

சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. இந்துவாகவே வாழ்ந்தார். ஐயர் காட்டிய அன்பு அதனால் குறையவும் இல்லை.

ஓய்வு

1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அவருக்கு வயது எழுபத்தொன்று. ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்த நாட்டிலேயே வாழ்ந்து விட்டார். கடைசி நாட்களிலும் பக்கத்தில் இருந்தவர்கள் வேதம் படித்தார்கள், ஞானப்பாட்டுப் பாடினார்கள். அவரும் கூடவே பாடினார்.

சரபோஜி ஓடி வந்தார். ஐயரின் உடல் மேல் விழுந்து அழுதார். பொன் துகில் போர்த்தினார். மக்களின் அழுகுரலால் அடக்க ஆராதனையில் பாட்டுப் பாடவே முடியவில்லை. அதே ஆண்டு சரபோஜி தஞ்சை மன்னர் ஆனார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த அந்த மன்னர், ஐயரின் சமாதிக்காக ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செய்த பளிங்குச் சிற்பம் தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள ஆலயத்தில் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பற்றி நிற்கும் காட்சி அது.

சுவார்ட்ஸ் ஐயர் எடுத்த காரியம் எல்லாம் வெற்றி பெறவில்லை. ஐதரோடு சமாதானம் ஏற்படவில்லை. இளவரசர் விஷயத்தில் சொன்ன யோசனையும் தவறாயிற்று. ஆனாலும் அவர் நிலை குலையவில்லை. ஒவ்வொரு காலையும் வேதத்தின் முன் உட்கார்ந்தார். அன்று எது சரி என்று தெரிந்ததோ, அதைச் செய்தார். மாலையில் கணக்கைக் கடவுளிடம் ஒப்படைத்தார்.

மனதில் அமைதி உள்ளவன் வாக்குத் தவற மாட்டான். வாக்குத் தவறாதவனை எதிரியும் நம்புவான். நிமிர்ந்து நிற்க முடியாத அந்தத் திருச்சி அறையில் வாழ்ந்த மனிதர், உலகத்தின் முன் நிமிர்ந்து நின்றது இப்படித்தான்.